சுகோய் வாங்கினோம், சரி. அப்புறம்?

போர் விமானம் வாங்கப் போகிறோம் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் இரண்டு எண்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை விமானம், எத்தனை ஆயிரம் கோடி. அன்றைக்கு டிவியில் நாலு பேர் கத்துவார்கள், மறுவாரம் எல்லோரும் மறந்துவிடுவோம். அந்த விமானத்தை முப்பது நாற்பது வருடம் யார் பறக்கும் நிலையில் வைத்திருப்பார்கள், இன்ஜின் தேய்ந்தால் எங்கே கொண்டுபோவார்கள், பத்து வருடம் கழித்து ஒரு புது ஏவுகணை வந்தால் அதை மாட்ட யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. எனக்கு அதுதான் சுவாரஸ்யம்.

இதற்குக் காரணம் என் சித்தப்பா. விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராகச் சேர்ந்து, சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு வடக்கே போனவர், பெரும்பாலும் சோவியத் நாட்டு மிக் விமானங்களோடுதான் காலம் தள்ளினார். வீட்டில் யாராவது "போர் விமானம் எவ்வளவு வேகம் போகும் சித்தப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் பைலட்டைக் கேளு. நாளைக்குக் காலையில அது கிளம்புமான்னு கேளு, நான் சொல்றேன்" என்பார். அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது.

இந்திய விமானப்படையிடம் இருக்கும் ரஷ்ய சுகோய்-30 எம்கேஐ விமானத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம். வாங்கியது, மாற்றியது, இங்கேயே தயாரித்தது, பழுது பார்த்தது, புது ஆயுதம் மாட்டியது என்று ஒரு விமானத்தின் முழுக் கதையும் ஓரளவு பொதுவெளியில் கிடைப்பது இதில்தான். அது மட்டுமில்லை, இன்றைக்கு இதில் ஒரு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) தஞ்சாவூரில் இருக்கிறது.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது நம் விமானப்படைக்குக் கிடைத்த அடி கொஞ்சநஞ்சமில்லை. அப்போது நம்மிடம் இருந்த போர் விமானங்களில் பெரும்பகுதி மிக் வகை. ஒரு விமானத்தின் பாகங்கள் ஒரே தொழிற்சாலையில் பிறப்பதில்லை. நேற்றுவரை ஒரே நாடாக இருந்த இடத்தில் இப்போது பதினைந்து நாடுகள். ஒரு பம்ப் ரஷ்யாவில், ஒரு கருவி உக்ரைனில், இன்னொன்று வேறெங்கோ. யாரிடம் ஆர்டர் கொடுப்பது, எந்தப் பணத்தில் கொடுப்பது என்றே தெரியாத காலம். அதே சமயம் சைபீரியாவில் இர்குட்ஸ்க் விமானத் தொழிற்சாலை ஆர்டர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. விற்பவருக்குப் பணம் அவசரம், வாங்குபவருக்கு விமானம் அவசரம். இந்த நிலையில்தான் பேச்சு தொடங்கியது.

1996 நவம்பர் 30ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. தேவகவுடா பிரதமர், முலாயம் சிங் யாதவ் பாதுகாப்பு அமைச்சர். நாற்பது விமானங்கள். ஆனால் இது விசித்திரமான ஒப்பந்தம். முதலில் வரப்போகும் எட்டு மட்டும்தான் அப்போது ஓரளவு தயாராக இருந்த வகை, சுகோய்-30கே. மிச்சம் 32தான் எம்கேஐ, அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இல்லாத விமானம். அதை இனிமேல்தான் உருவாக்க வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், அவர்கள் செய்து தர வேண்டும். காகிதத்தில் இருப்பதை நம்பிக் காசு கொடுத்தோம். இன்றைக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டால் நாடாளுமன்றம் இரண்டுபடும்.

இன்றைய முறை வேறு. கார்கில் போருக்குப் பிறகு 2001இல் பாதுகாப்புக் கொள்முதல் குழு என்று ஒன்று அமைந்தது. 2002 முதல் எழுதிவைத்த விதிமுறைப் புத்தகமும் வந்தது. விமானப்படை தனக்கு என்ன திறன் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும், குழு அது தேவைதான் என்று ஏற்க வேண்டும், டெண்டர், சோதனைப் பறத்தல், விலை பேசுதல், கடைசியில் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல். முறை ஒழுங்கானதுதான், ஆனால் மெதுவானது. 126 விமானங்களுக்கு 2007இல் டெண்டர் விட்டு, 2012இல் பிரான்ஸின் ரஃபேலைத் தேர்வு செய்து, அதற்குப் பிறகும் விலை படியாமல், 2015இல் அதைக் கைவிட்டு 36 மட்டும் நேரடியாக வாங்கினார்கள். அந்த 36க்கு 2016 செப்டம்பரில் கையெழுத்து, முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை. டெண்டரிலிருந்து விமானம் வரை பதின்மூன்று வருடம். இடையில் பழைய மிக்-21கள் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கிழடாகிக்கொண்டே போயின. 1963இல் வந்த அந்த வகையின் கடைசி விமானங்கள் 2025 செப்டம்பரில்தான் சண்டிகரில் விடைபெற்றன. 1996இன் வேகமா, 2007இன் ஒழுங்கா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

சரி, சுகோய்க்கு வருவோம். அந்த 32 விமானங்களை எப்படி உருவாக்கினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சேஸிஸ் ஒரு கம்பெனியுடையது, கேபினும் பாடியும் முதலாளி சொல்கிறபடி இங்கே கட்டுவார்கள். எம்கேஐ கிட்டத்தட்ட அப்படித்தான் உருவானது. உடலும் இன்ஜினும் ரேடாரும் ரஷ்யாவுடையவை. காக்பிட் திரைகள் சில பிரான்ஸிலிருந்து. எதிரி ரேடாரைக் குழப்பும் கருவி, குண்டுக்கு இலக்கைக் காட்டும் கருவி போன்றவை இஸ்ரேலிலிருந்து. விமானத்தின் மூக்குக்குப் பின்னால் கேனார்டு என்ற சிறு இறக்கைகள், வாலில் திசை திருப்பக்கூடிய இன்ஜின் முனைகள் எல்லாம் நாம் கேட்டுச் சேர்த்தவை.

இத்தனை நாட்டுக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமே? ரேடார் பார்த்ததைத் திரையில் காட்ட வேண்டும், திரையில் பைலட் தேர்ந்தெடுத்த இலக்கை ஏவுகணைக்குச் சொல்ல வேண்டும். இதைச் செய்வது மிஷன் கம்ப்யூட்டர். அதை ரஷ்யர்களிடம் விடவில்லை. அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூரு ஆய்வகம் ஒன்று, பொதுத்துறை நிறுவனங்களும் விமானப்படையும் கூட இருக்க, அதை இங்கேயே செய்தது. எதிரி ரேடார் நம்மைப் பார்க்கிறது என்று எச்சரிக்கும் 'தரங்' கருவி, ரேடியோ போன்றவையும் இந்தியத் தயாரிப்புகள். இந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் 'வெற்றிவேல்'. பெயர் வைத்தது யார் என்று எனக்கு ஊகம் உண்டு, ஆதாரம் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். ரஷ்ய விமானத்தின் மூளைக்கு முருகன் கை ஆயுதத்தின் பெயர் இருப்பதில் ஒரு சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான்.

அன்றைக்கு இதைப் பெரிய விஷயமாக யாரும் பேசவில்லை. இன்ஜினோடும் ரேடாரோடும் ஒப்பிட்டால், ஒரு பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் போட்டோவில் கூடத் தெரியாது. ஆனால் இருபது வருடம் கழித்து அந்தப் பெட்டிதான் நமக்குக் கைகொடுத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

புது விமானங்கள் ஒரேயடியாக முழுசாக வரவில்லை. 2002இல் பத்து, 2003இல் பன்னிரண்டு, 2004இல் பத்து என்று மூன்று தவணையாக வந்தன. 2002 செப்டம்பர் 27ஆம் தேதி புனேயில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் முன்னிலையில் படையில் சேர்ந்த முதல் தவணை விமானங்களால், பின்னால் வந்தவை செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் கூடியது, பிறகு பழையவற்றையும் அந்த நிலைக்கு உயர்த்தினார்கள். புது ரக விமானம் என்றாலே உலகெங்கும் இப்படித்தான். சேர்ப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது விமானம் முக்கால்வாசிதான் தயாராக இருக்கும்.

முதலில் வந்த சுகோய்-30கேக்கள் என்ன ஆயின? பிறகு வாங்கியதையும் சேர்த்துப் பதினெட்டு இருந்தன. எம்கேஐ வந்த பிறகு இவை தனி ரகமாக, தனி உதிரிபாகம் கேட்டுக்கொண்டு நின்றன. கடைசியில் ரஷ்யாவிடமே திருப்பிக் கொடுத்து, பதிலுக்குப் பதினெட்டு எம்கேஐ பெற்றுக்கொண்டோம். திருப்பிக் கொடுத்தவை பெலாரஸில் பரனோவிச்சி என்ற ஊரிலுள்ள பழுதுபார்க்கும் ஆலையில் பல வருடம் நின்று, அவற்றில் பன்னிரண்டு அங்கோலாவுக்கு விற்கப்பட்டன. புனேயில் நம் பைலட்டுகள் பழகிய விமானங்கள் இன்று ஆப்பிரிக்காவில். ஒரே படையில் ஒரே ரகத்தில் இரண்டு வகை வைத்திருப்பது எவ்வளவு தலைவலி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2000 டிசம்பரில் அடுத்த ஒப்பந்தம். 140 விமானங்களை அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரிக்கும். பிறகு 2007இலும் 2012இலும் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள், மொத்தம் 272. உடலை நாசிக் பக்கத்தில் ஓஜரில் கட்டுவது, இன்ஜினை ஒடிசாவில் கோராபுட்டில் செய்வது. இரண்டும் அறுபதுகளில் மிக்-21க்காகத் தொடங்கிய ஆலைகள். திட்டம் நாலு கட்டம். முதலில் ரஷ்யாவிலிருந்து பெரிய பெரிய பாகமாக வரும், இங்கே பூட்டுவார்கள். அடுத்த கட்டத்தில் சின்னச் சின்னப் பாகமாக வரும். கடைசிக் கட்டத்தில் தகடும் உலோகக் கட்டியுமாக வரும், எல்லாவற்றையும் இங்கேயே வெட்டி, கடைந்து, கட்டுவார்கள். 2004 நவம்பரில் எச்.ஏ.எல்.லின் முதல் விமானம் படைக்குப் போனது.

நம் நாட்டிலேயே செய்தால் மலிவு என்று தோன்றும் அல்லவா? நடந்தது வேறு. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கையில் கொடுத்த கணக்கின்படி, ரஷ்யாவில் தயாரித்தால் சுமார் 270 கோடி ஆகும் விமானம், இங்கே தயாரித்தபோது சுமார் 417 கோடி. எண்ணிக்கை குறைவு, மூலப்பொருளுக்கும் முக்கியமான பாகங்களுக்கும் அசல் தயாரிப்பாளரையே நம்பியிருக்க வேண்டிய நிலை என்று காரணம் சொன்னார்கள். டைட்டானியம் கட்டியை அவர்களிடமிருந்து வாங்கி இங்கே கடைந்தால் அதைத் 'தயாரிப்பு' என்று எவ்வளவு தூரம் சொல்லலாம்?

இதற்காக உரிமத் தயாரிப்பை வீண் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இன்ஜினின் ஒவ்வொரு பாகத்தையும் கையால் செய்து பழகிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கோராபுட்டில் இருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தப் பாகம் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது, அந்த உலோகக் கலவையில் என்ன கலந்திருக்கிறது என்பதை உரிம ஒப்பந்தம் சொல்லித் தராது. செய்யக் கற்றுக்கொண்டோம், மாற்றக் கற்றுக்கொள்ளவில்லை. மிக்-21 காலத்திலும் இதே கதைதான். நாற்பது வருடத்தில் பாடம் படித்திருக்கலாம் என்பது என் குறை.

இனி சித்தப்பாவின் ஏரியா. ஒரு போர் விமானத்தைப் பராமரிப்பதில் அடுக்குகள் உண்டு. ஸ்குவாட்ரனிலேயே ஓடுதள ஓரத்தில் நடப்பது முதல் அடுக்கு. கிளம்பும் முன் ஒரு சோதனை, இறங்கியதும் ஒரு சோதனை, எண்ணெய், காற்று, டயர், ஆயுதம். அதற்கடுத்து ஹேங்கருக்குள் கொண்டுபோய்ச் செய்கிற வேலை. அதற்கும் மேலே, பல வருடத்துக்கு ஒருமுறை விமானத்தைக் கடைசித் திருகாணி வரை பிரித்து மறுபடி கட்டும் ஓவர்ஹால். அது விமானப்படையின் பெரிய பழுதுபார்ப்பு டிப்போக்களிலோ எச்.ஏ.எல்.லிலோ நடக்கும். இந்த டிப்போக்கள், கிடங்குகள் எல்லாவற்றுக்கும் தலைமை நாக்பூரில் உள்ள பராமரிப்புக் கட்டளையகம். பெயரே பலருக்குத் தெரியாது. போர் விமானம் ஒன்றுகூட வைத்திருக்காத, ஆனால் அது இல்லாவிட்டால் எந்த விமானமும் பறக்காத அமைப்பு.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு, ஃபார்ம் 700. பிரிட்டிஷ் காலத்துப் பழக்கம். ஃபிட்டர் தன் வேலையை முடித்துக் கையெழுத்துப் போடுவார், அவர் மேலாள் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், கடைசியில் பைலட் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் ஏறுவார். "எல்லாம் சரியாத்தான் பண்ணியிருப்போம். ஆனாலும் அது திரும்பி வந்து இறங்குற வரைக்கும் டீ இறங்காது" என்பார் சித்தப்பா. கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தில் குழி வெட்டியிருக்கும். ஷிஃப்ட் முடியும்போது ஒரு குழி காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது, அந்த விமானமும் பறக்காது. காலையில் எல்லோரும் வரிசையாக ஓடுதளத்தில் குனிந்து நடந்து கல், கம்பித் துண்டு பொறுக்குவதும் உண்டு. இன்ஜின் அதை உறிஞ்சினால் கத்திகள் காலி. சுகோயின் காற்றுவழியில் இதற்காகவே ஒரு வலை இருக்கிறது, தரையில் ஓடும்போது மூடிக்கொள்ளும். கரடுமுரடான ஓடுதளத்தை மனதில் வைத்து ரஷ்யர்கள் செய்த ஏற்பாடு. சித்தப்பா இதை மட்டும் மனசார மெச்சுவார்.

இப்படிக் கவனமாக இருந்தும் நிலவரம் எப்படி இருந்தது? 2015இல் வந்த சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கை, சுகோய் விமானங்களில் பறக்கத் தயாராக இருப்பவை 55 முதல் 60 சதவீதம்தான் என்றது. இருக்க வேண்டியது 75 சதவீதம். உதிரிபாகத் தட்டுப்பாடும், இங்கே ஓவர்ஹால் வசதி அமைவதில் ஏற்பட்ட தாமதமும் சேர்ந்து செய்த வேலை இது.

இந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்தச் சமயத்தில் சுமார் 200 விமானங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் என்றால் 150 விமானம் கிளம்பும். 55 என்றால் 110தான். வித்தியாசம் நாற்பது விமானம், அதாவது ஒன்றுக்குப் பதினெட்டு வீதம் இரண்டு ஸ்குவாட்ரனுக்கு மேல். நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன், இருப்பது அதைவிட மிகக் குறைவு என்று ஒவ்வொரு வருடமும் கவலைப்படுகிறோம். காசு கொடுத்து வாங்கி ஏற்கெனவே ஹேங்கரில் நிற்கிற இரண்டு ஸ்குவாட்ரனைப் பற்றி அந்த அளவு கவலைப்படுவதில்லை. ஒரு வால்வும் ஒரு சர்க்யூட் போர்டும் வராததால் நிற்கிற விமானம் செய்தியில் வராது. புது விமானம் வாங்கினால் அமைச்சர் வருவார், கேமரா வரும். கிடங்கில் உதிரிபாகம் நிரம்பியிருந்தால் யார் வருவார்கள்?

பாகம் கிடைக்காதபோது படைகள் என்ன செய்யும் என்பதும் ஒரு தனிக்கதை. ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது உலகமெங்கும் உள்ள வழி. நம் ஜாகுவார் விமானங்களுக்காகப் பிரான்ஸிடமிருந்து ஓய்வு கொடுத்த ஜாகுவார்களின் உடல்களை வாங்கி வந்தார்கள். மிராஜ்-2000க்காகவும் பழைய விமானங்களை வாங்கினார்கள். பறக்க வைக்க அல்ல, பிரித்துப் பாகம் எடுக்க. கேட்பதற்குக் காயலான்கடை வேலை மாதிரி இருக்கும், ஆனால் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்ட விமானத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வழி கிடையாது.

சுகோய் விஷயத்தில் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. 2017 மார்ச்சில் உதிரிபாகத்துக்கும் தொழில்நுட்ப உதவிக்கும் ரஷ்ய நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டார்கள். அதுவரை தேவை வரும்போதெல்லாம் தனித்தனியாக ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தது எவ்வளவு அபத்தம்! 2018இல் ஓஜரில் உள்ள விமானப்படையின் 11ஆம் எண் டிப்போ, தானே முழு ஓவர்ஹால் செய்த முதல் சுகோயைப் படைக்குக் கொடுத்தது. சுமார் 1500 மணி நேரம் பறந்தபின் ஒரு சுகோய் ஓவர்ஹாலுக்கு வர வேண்டும். அந்த வேலை வரிசை அடைத்துக்கொண்டால் பின்னால் எல்லாமே நிற்கும்.

ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2014 அக்டோபரில் புனேயில் இறங்க வந்த ஒரு சுகோயிலிருந்து இரண்டு பைலட்டுகளும் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். இருவரும் உயிர் தப்பினார்கள். இருக்கைகள் தானாக வெடித்து வெளியே போயின என்றது விமானப்படை. அப்படி நடக்க வாய்ப்பில்லை, மனிதத் தவறுதான் என்றது ரஷ்யத் தரப்பு. மொத்தச் சுகோய்களையும் பல வாரம் தரையில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். நாட்டின் போர் விமானங்களில் மூன்றில் ஒரு பங்கு ஒரே ரகம் என்றால் இதுதான் ஆபத்து. ஒரு இருக்கையில் சந்தேகம் வந்தாலும் மூன்றில் ஒரு பங்கு படை படுத்துவிடும்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் இருந்த கம்ப்யூட்டர். பிரமோஸ் ஏவுகணையை இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கியது தெரியும். தரையிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஏவுவது சுமார் மூன்று டன். விமானத்துக்காக எடை குறைத்தும் இரண்டரை டன். சுகோயின் வயிற்றில் இவ்வளவு கனமான ஒற்றை ஆயுதத்தைத் தொங்கவிட முதலில் யாரும் திட்டமிடவில்லை. அடிப்பகுதியைப் பலப்படுத்த வேண்டும், மின்சார இணைப்புகளை மாற்ற வேண்டும், ஏவுகணையை விட்டதும் விமானம் திடீரென்று இரண்டரை டன் லேசாகும்போது அது நிலைதடுமாறாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் எச்.ஏ.எல். நாசிக்கில் செய்தது. மாற்றிய முதல் விமானம் 2016 ஜூனில் பறந்தது.

அதைவிடக் கடினமானது உள்ளே. தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதை ஏவுகணை விழும் முன்பே விமானம் அதற்குத் துல்லியமாகச் சொல்லித் தர வேண்டும். ஆடி அசைந்து பறக்கிற விமானத்திலிருந்து இதைச் செய்வது தரையில் நிற்கும் லாரியிலிருந்து செய்வது போல் இல்லை. டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானிகள் இதைத் தீர்த்தார்கள். விமானத்தின் பக்க சாஃப்ட்வேரை எழுதியது யார் தெரியுமா? விமானப்படையின் இன்ஜினியர்களே. மிஷன் கம்ப்யூட்டர் நம்முடையதாக இருந்ததால் அது முடிந்தது. அது ரஷ்யப் பெட்டியாக இருந்திருந்தால், ஒவ்வொரு வரியை மாற்றவும் மாஸ்கோவில் விலை பேச வேண்டும், அவர்கள் நேரம் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்நாட்டு அஸ்திரா ஏவுகணையை 2014இல் சுகோயிலிருந்து முதன்முதலாக ஏவிப் பார்த்தபோதும் இதே வசதிதான் உதவியது. 2017 நவம்பர் 22ஆம் தேதி வங்காள விரிகுடா மேல் ஒரு சுகோய் பிரமோஸைக் கீழே விட்டது. அது சில நொடி விழுந்து, இன்ஜின் பற்றி, கடலில் வைத்திருந்த இலக்கை அடித்தது.

2020 ஜனவரி 20ஆம் தேதி, தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222ஆம் ஸ்குவாட்ரன், 'டைகர்ஷார்க்ஸ்', பிரமோஸ் சுமக்கும் சுகோய்களோடு தொடங்கியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம், 2013இல்தான் முறையான விமானப்படைத் தளமானது. தென்னிந்தியாவில் சுகோய் நிற்கும் முதல் இடம். ஏன் தஞ்சை என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வரைபடத்தை விரித்தால் போதும். அங்கிருந்து வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும் இரண்டும் எட்டும் தூரம். கப்பலைத் தாக்கும் ஏவுகணைக்குக் கடலோரம்தானே வீடு. அதோடு, காவிரிக் கரையில் ஒரு ஹேங்கர் முழுக்க டெக்னீஷியன்களும், உதிரிபாகக் கிடங்கும், ஏவுகணையைக் கையாளும் வசதியும் வந்தாக வேண்டும். ஸ்குவாட்ரன் என்றால் விமானம் பதினெட்டு என்று நினைக்கிறோம். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை அது.

ஆக, 1996இல் ஒரு பெட்டியை நம் கையில் வைத்துக்கொண்டதன் பலன் 2017இல் கிடைத்தது. எதை வைத்துக்கொள்ளவில்லையோ அதன் விலையும் தெரிந்துகொண்டிருக்கிறது. அது இன்ஜின்.

சுகோயின் உடல் சுமார் 6000 மணி நேரம் பறக்கும்படி செய்தது. அதிலிருக்கும் ஏஎல்-31எஃப்பி இன்ஜினின் மொத்த ஆயுள் அதில் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 2000 மணி. ஒரு விமானத்துக்கு இரண்டு இன்ஜின். அப்படியானால் ஒரு விமானம் தன் ஆயுளில் குறைந்தது மூன்று ஜோடி இன்ஜின் தின்னும். 2024 செப்டம்பரில் 240 இன்ஜின்களுக்கு எச்.ஏ.எல்.லோடு 26,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் ஆனது இந்தக் கணக்கில்தான். கோராபுட்டில் வருடத்துக்கு முப்பது வீதம் எட்டு வருடம். அதில் இந்தியப் பங்கு பாதிக்கு மேல், போகப் போக 63 சதவீதம் வரை கூடும் என்கிறார்கள். இருபது வருடமாகச் செய்கிற இன்ஜினில் கடைசியிலும் மிச்சம் 37 சதவீதத்தை வெளியிலிருந்துதான் வாங்கப் போகிறோம். அந்த மிச்சத்தில்தான் இன்ஜினின் மிகக் கடினமான பாகங்கள் இருக்கும் என்பது என் ஊகம். 2022க்குப் பிறகு ரஷ்யாவே போரில் மூழ்கி, பணம் அனுப்புவதே சிக்கலான பின்னால், இது புத்தகக் கணக்காக மட்டும் இல்லை.

2023 நவம்பரில் சுகோய்களை மேம்படுத்தும் திட்டத்துக்குக் கொள்முதல் குழு முதல் கட்ட ஒப்புதல் கொடுத்தது. முதலில் 84 விமானம். டி.ஆர்.டி.ஓ. செய்யும் 'விரூபாக்ஷா' ரேடார், புது மிஷன் கம்ப்யூட்டர், புதுத் திரைகள். மூளை முன்பே நம்முடையது, இனி ரேடாரும் நம்முடையது, ரொம்பச் சந்தோஷம். இன்ஜின் மட்டும் அதே ஏஎல்-31. படையில் இன்று சுமார் 260 சுகோய் இருக்கின்றன. இந்த 84 தவிர்த்த மற்றவை எப்போது வரிசைக்கு வரும், அவற்றை மாற்றும் அளவுக்கு ஹேங்கரும் ஆளும் நாசிக்கில் இருக்குமா, அந்த வேலை நடக்கும் வருடங்களில் எத்தனை விமானம் பறக்கக் கிடைக்கும் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேம்படுத்தப் போன விமானமும் பறக்காத விமானம்தானே.

2024 டிசம்பரில் இன்னும் பன்னிரண்டு எம்கேஐ தயாரிக்க எச்.ஏ.எல்.லுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். விபத்துகளில் இழந்தவற்றுக்கு ஈடாக. கருவிகளோடு சேர்த்து 13,500 கோடி, ஒன்றுக்கு 1,100 கோடிக்கு மேல். 1996இல் காகிதத்தில் இருந்த அதே விமானம். என் கணக்கில் இவை முதல் ஓவர்ஹாலுக்கு ஓஜருக்கு வரும்போது 2040 நெருங்கியிருக்கும்.